மாற்ற மறுத்த இரண்டு பெயர்கள்

மழை பிடித்துக்கொண்டால் உன் ரப்பர் ஷீட் வாசம் விட ஆரம்பித்துவிடுகிறது. உன் அப்பா கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து அறுத்துக் கொடுத்த அந்தப் பழுப்புத் துண்டு, நீ மவுஸுக்கு அடியில் போட்டு வைத்திருந்தது, இப்போது என் மேஜையில் கிடக்கிறது. வெயில் நாளில் அது பாட்டுக்குக் கிடக்கும். ஈரக்காற்று பட்டதும் புகையும் புளிப்பும் கலந்த அந்த நாற்றம் எழும்பி அறை முழுக்க நின்றுவிடும். நாற்றம் என்றுதான் சொல்வேன். நீ இருந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். நீ போய்விட்டாய் என்பதற்காக அதை நறுமணம் என்று மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்று காலையும் அது எழும்பியது. அதே நேரம் திரையில் சென்னையிலிருந்து ஒரு கோரிக்கை வந்து நின்றது. நாம் இருவரும் எழுதிய படகு டிக்கெட் புரோகிராமில் உள்ள பாராமீட்டர்களின் பெயர்களை எல்லாம் தங்கள் வழக்கப்படி மாற்றப் போகிறார்களாம். அதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், ஒரே கிளிக்கில் வேலை முடிந்துவிடுமாம். புரோகிராமைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் நான் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை. அதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போன பிறகு நம் முதலாளி கடையை விற்றுவிட்டார். இரும்புச் சாமான் கடை மாடியில் இருந்த நம் இரண்டு நாற்காலி, ஓடாத ஏசி, எல்லாவற்றோடும் புரோகிராமையும் சேர்த்து ஒரு சென்னைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. நாற்காலியில் ஒன்று காலி என்பது அவர்களுக்குத் தெரியும். அதில் யார் உட்கார்ந்திருந்தது என்று தெரியாது.

பாம்பூஃப்ளாட் படகில் ஏறும்போதே தொடங்கிவிடுவாய். இருவருக்கும் வீடு அந்தக் கரை, வேலை இந்தப் போர்ட் பிளேர் கரை. சாத்தம் மரமில்லின் ஈர மரத்தூள் வாசம் வருவதற்குள் என்னிடம் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பாய். "நேத்து எழுதுனதுல என்னா பேரு வச்ச?" என்பாய். நான் சொல்வேன். "வாயில நுழையல. மாத்து" என்பாய். ஒரு மெத்தட் என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றி உனக்கு அவ்வளவு கவலை இருந்ததில்லை. வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு பாராமீட்டரையும் அது என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்பதில்தான் உன் உயிர் இருந்தது.

உன் அப்பா ஒருமுறை போர்ட் பிளேருக்கு வந்தபோது கேட்டாரே, "நீ என்னாம்மா வேல செய்யிற, எனக்கு ஒரு வார்த்தைல சொல்லு" என்று. நீ யோசிக்கவே இல்லை. "மெத்தடுன்னா ஒரு வேல நடக்குற ரூம்னு வச்சிக்கங்கப்பா. அந்த ரூமுக்குள்ள வெளியில இருந்து ஆளுங்க வருவாங்க, அவங்கதான் பாராமீட்டர். யாரு எதுக்கு வந்திருக்காங்கன்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியணுமில்ல. அதுக்குப் பேரு வைக்கிறேன்" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். "பேரு வச்சதுக்கா சம்பளம் குடுக்கறானுங்க" என்றார். எனக்கு ஒரு நாள் முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை. இன்றைக்கு யோசித்தால், அவருக்குச் சொன்ன மாதிரி சென்னைக்காரர்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை என்று தோன்றுகிறது.

உனக்கு இந்தப் பிடிவாதம் பிறவியிலேயே வந்ததில்லை. லாங் ஐலண்ட் தீவிலிருந்து வந்த ஒரு தம்பதியால் வந்தது. படகின் கீழ்த்தளத்தில் நோயாளிக்கென்று ஒரு படுக்கை உண்டு. அதை ஒதுக்கும் மெத்தட், மெயின்லாண்டிலிருந்து யாரோ எழுதிக் கொடுத்த பழைய புரோகிராம் கோடாக நம்மிடம் வந்தது. அதற்கு இரண்டு பெயர்களைக் கொடுக்க வேண்டும். நோயாளி ஒருவர், துணைக்கு வருபவர் ஒருவர். ஆனால் அந்தக் கோடில் அவர்களுக்கு வைத்திருந்த பெயர், பி ஸ்ட்ரிங் ஒன், பி ஸ்ட்ரிங் டூ. பி என்றால் பாராமீட்டர், வெளியிலிருந்து வந்தது. ஸ்ட்ரிங் என்றால் எழுத்து வகை. இரண்டு பேரும் வெளியிலிருந்து வந்த எழுத்துகள், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். யார் படுப்பவர், யார் உட்காருபவர் என்று அதற்குத் தெரியாது.

நம் கௌண்டர்களில் நோயாளி வந்து வரிசையில் நிற்பதில்லை. துணைக்கு வருபவர்தான் தீவுவாசி அட்டையை நீட்டிக்கொண்டு ஜன்னலில் நிற்பார். அதனால் கிளார்க் முதலில் அவர் பெயரைத்தான் தட்டுவார். பிறகுதான் நோயாளி. நீ திரையையும் அதே வரிசையில் போட்டாய், அதே வரிசையில் அந்த மெத்தடுக்கும் அனுப்பினாய். மெத்தடோ முதலில் வருபவர்தான் நோயாளி என்று நினைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இடம் மாறிப் போனார்கள்.

கால் முறிந்த ஒரு பெண்ணும் அவள் புருஷனும் லாங் ஐலண்டிலிருந்து வந்தார்கள். படகில் சீட்டைப் பார்த்த ஊழியர், யார் பெயரில் படுக்கையோ அவர்தான் படுக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். தச்சு வேலை பார்க்கும் அந்த மனிதர் ஆறடி உடம்பைச் சுருட்டிக்கொண்டு நோயாளிப் படுக்கையில் படுத்து வந்தார். மனைவி மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வந்தாள். போர்ட் பிளேரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன், ஆட்டோவை நம் கடை வாசலில் நிறுத்தச் சொல்லி, கீழே இருந்தே தீவு ஹிந்தியில் சத்தம் போட்டாள். கால் உடைந்தது எனக்கு, படுத்து வந்தது இவர், இந்த மிஷினை எழுதினது யார் என்று கேட்டாள். புருஷன் தலையைக் குனிந்து நின்றார். அவர் மேல் என்ன தப்பு.

நீதான் இறங்கிப் போனாய். "நான்தான் எழுதுனேன் தீதி" என்று அக்கா முறை வைத்துச் சொன்னாய். அவள் உன்னைத் திட்டித் தீர்த்தாள். மேலே வந்து நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "தப்புப் பண்ணது நான். பண்ண வச்சது அந்தப் பேரு" என்று சொல்லிவிட்டு, பி ஸ்ட்ரிங் இரண்டையும் அழித்தாய். என்ன வைப்பது என்று நான் ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாய். "கௌண்டர்ல என்னான்னு கேக்கறான்? மரீஸ் கௌன், சாத்வாலா கௌன்? நோயாளி யாரு, கூட வந்தது யாரு? அதான் பேரு. வேற எதுக்குத் தேடணும்." மரீஸ், சாத்வாலா என்று ஆங்கில எழுத்தில் தட்டினாய். எழுதுகிறவள் வரிசையை மாற்றிக் கொடுக்கப் போனாலும், பெயரைப் படித்தால் கை நின்றுவிடும். அன்றிலிருந்து அந்த மெத்தட் ஒரு தடவைகூட ஆளை மாற்றிப் படுக்க வைத்ததில்லை.

அதற்குப் பிறகு நீ அடங்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்த பெயர்களை எல்லாம் மாற்றினாய். கப்பல் கிளம்புவதற்கு முன் சீட்டை ரத்து செய்தவர் என்பதை ஒரே சொல்லாக்கி ஒரு பாராமீட்டருக்கு வைத்தாய், அது திரையைத் தாண்டிப் போனது. "இந்தத் தீவுல ரயில் இல்லன்ற குறைய நீ தீத்து வச்சுட்ட" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் படகில் வந்து, "சரி, ரெண்டு பெட்டிய கழட்டிட்டேன்" என்றாய்.

ஆனால் முன்னால் பி போடும் விஷயத்தில் மட்டும் நீ ஒரு எழுத்துகூட விட்டுக்கொடுக்கவில்லை. அதில் நியாயம் இருக்கிறது என்று நான் வாதாடியிருக்கிறேன். வெளியிலிருந்து வந்ததும் உள்ளே ஏற்கனவே இருப்பதும் ஒரே பெயரில் இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும், ஒரு அடையாளம் இருப்பது நல்லது என்றேன். அப்போதுதான் நீ கல்லூரியில் சேர்ந்த கதையைச் சொன்னாய். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் உன் பெயரைக் கேட்கவில்லை. எந்தக் கேட்டகரி என்று கேட்டார். ரிபாட்ரியேட், தாயகம் திரும்பியவர், என்று அவரே எழுதிக்கொண்டார். "நான் பொறந்தது கச்சால்ல. எங்க தாத்தா வந்த கப்பல நான் கண்ணால பாத்ததில்ல. இன்னும் என்னைய அந்தக் கப்பல்லருந்து எறக்கி விட மாட்டேங்கறானுங்கடி" என்றாய். பிறகு, "எங்கருந்து வந்துச்சுன்னு பேருல எழுதாத. இங்க என்னா வேலைக்கு வந்துச்சுன்னு எழுது" என்றாய். உடனே உனக்கே கூச்சமாகி, "அடச்சீ, நான் என்னா பிரசங்கம் பண்றேன்" என்று சிரித்துவிட்டாய்.

நான் சிரிக்கவில்லை. என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து மின்சாரத் துறை வேலைக்கு வந்தவர். என்னை ஒருவரும் கேட்டகரி கேட்டதில்லை. என்னிடம் கேட்காத ஒரு கேள்வி இன்னொருத்திக்கு எவ்வளவு காலம் உறுத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வாரமே இதைப் பற்றிப் பேச ஒரு சென்னைக்காரர் வீடியோவில் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எரிச்சல்.

"மேடம், கோட் நல்லா இருக்கு. பேருங்கதான் கொஞ்சம் இடிக்குது. தமிழ்க்காரங்க ரெண்டு பேர் எழுதினதுல ஹிந்தி எப்படி மேடம் வந்தது?"

"இங்க அது கௌண்டர் பாஷைங்க. பெங்காலி, தெலுங்கு, மலையாளம், நாங்க, எல்லாரும் ஜன்னல்ல வந்து அதுலதான் பேசுவோம்."

"புரியுது மேடம். ஆனா ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு இருக்கில்ல. முதல்ல பி, அப்புறம் என்ன டைப்புன்னு. பாத்தவுடனே இது வெளியில இருந்து வந்ததுன்னு தெரிஞ்சிடும்."

"வெளியில இருந்து வந்ததுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

லாங் ஐலண்ட் தம்பதி கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார், புருஷன் படுத்துக்கொண்டு வந்த இடத்தில் சிரிக்கவும் செய்தார். அப்படித் தவறு நடக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடலாம் என்றார். குறிப்பை யார் படிக்கிறார்கள். பெயரைத்தான் படித்தாக வேண்டும், அதைத் தட்டாமல் வேலை நடக்காது.

இன்னொரு காரணமும் இருந்தது, அதை நான் அவரிடம் சொல்ல நினைக்கவில்லை. கோடின் இடப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில், ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயர் வரும். அந்த ஃபைலைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை உன் பெயர். நடுவில் எங்கேயாவது என் பெயர், திரும்பவும் உன் பெயர். காலையில் வந்ததும் அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கிறேன். இவர்கள் அந்தக் கருவியை ஓட்டினால் பெயர் மாறிய ஒவ்வொரு வரியிலும் நீ போய்விடுவாய். அந்த இடத்தில் அந்தக் கருவியின் பெயர் நிற்கும். உன்னை எரித்த அன்றுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அன்றைக்கு உன்னை எடுத்துக்கொண்டது யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. இவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்.

குறிப்பு போதாது, பெயர்தான் வேண்டும் என்று சொன்னதும் அவரே கேட்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது சென்டிமென்டா?"

"ஆமாங்க" என்றேன். "சென்டிமென்ட்தான். அதோட சரியானதும்கூட. ரெண்டும் சேந்து இருக்கக் கூடாதுன்னு உங்க ஸ்டாண்டர்டுல எழுதியிருக்கா?"

அவர் எதையோ தட்டிக்கொண்டார். அழைப்பைத் துண்டிப்பதற்கு முன், "சாத்வாலான்னா என்ன மேடம்?" என்று கேட்டார். கூட வருபவர் என்றேன். ஓகே மேடம் என்றார். பி ஸ்ட்ரிங் டூ என்றால் என்ன என்று இந்த உலகத்தில் இதுவரை ஒருவராவது கேட்டிருப்பார்களா.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. லாங் ஐலண்ட் கௌண்டரில் புதுப் பிரிண்டர் மாட்டப் போனோமே. போகும்போதே உனக்கு வயிற்றுவலி இருந்திருக்கிறது. கேஸ் என்றாய். பிரிண்டரை மாட்டி, ஒயரைச் செருகி, சோதனைச் சீட்டு அடித்துப் பார்க்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அங்கிருந்த டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். உடனே போர்ட் பிளேருக்குக் கொண்டுபோ என்று என்னிடம் சொன்னார், உன்னிடம் சொல்லவில்லை. முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிரிண்டரை நான் கடலில் தூக்கிப் போட்டுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

கௌண்டரில் இருந்தது நாம் தாதா என்று கூப்பிடும் பெங்காலி அண்ணன்தான். அன்று காலையில் நம்மோடு உட்கார்ந்து டீ குடித்தவர். ஆனாலும் ஜன்னலுக்குப் பின்னால் போனதும் அவருக்கு அந்த ஒரு கேள்விதான் வரும்.

"மரீஸ் கௌன்? சாத்வாலா கௌன்?"

நீ பெஞ்சில் சாய்ந்தபடி கையைத் தூக்கினாய். "மரீஸ் மே தாதா" என்றாய், நோயாளி நான்தான் என்று. அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல முதலில் என் அட்டையைக் கேட்டார். நான் நீட்டினேன். என் பெயரை முதலில் தட்டினார், உன் பெயரை அடுத்தது தட்டினார், நாம் அப்போதுதான் மாட்டிய பிரிண்டர் சீட்டைத் துப்பியது.

படகில் ஊழியர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உனக்குப் படுக்கையைக் காட்டினார், எனக்கு நாற்காலியைக் காட்டினார். படுத்ததும் அந்தச் சீட்டை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தாய். "பாத்தியாடி, சரியான ஆளு படுத்திருக்கேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சிரிடி. நம்ம மெத்தடு ஓடுது" என்றாய். அப்போதும் நான் சிரிக்கவில்லை. அந்த வாரமே நீ போய்விட்டாய். நீ கேட்டு நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.

இன்று மதியம் சென்னைக்குப் பதில் எழுதினேன். நான் இந்த மாற்றத்துக்குச் சம்மதிக்கவில்லை, மாற்றத்தான் வேண்டுமென்றால் மாற்றுகிறவர் தன் பெயரில் மாற்றிக்கொள்ளட்டும், அடுத்த தடவை யாராவது கால் முறிந்தவர் நாற்காலியில் வந்து இறங்கினால் கீழே போய் 'நான்தான் எழுதினேன்' என்று சொல்ல அவர் தயாராக இருக்கட்டும், அவ்வளவுதான். குழைந்தெல்லாம் எழுதவில்லை. எதற்குக் குழைய வேண்டும்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்த மாதத்தோடு பராமரிப்பு வேலை சென்னை டீமுக்குப் போகிறது, இதுவரை செய்த பணிக்கு நன்றி. போகட்டும். என் அப்பா கேட்டால் பெயருக்காகத்தான் வேலை போனது என்பேன். உன் அப்பாவுக்குச் சொன்னால் ஒருவேளை சிரிப்பார். பெயர் வைத்ததற்குச் சம்பளம் கொடுத்தார்கள், மாற்ற மறுத்ததற்கு நிறுத்திவிட்டார்கள், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மாதக் கடைசிவரை அந்த ஃபைல் என் கையில்தான் இருக்கும். சக்கர நாற்காலிக்கு ஒரு மெத்தட் வேண்டுமென்று தாதா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று உட்கார்ந்து அதை எழுதிவிட்டேன். உட்காருகிறவருக்கு ஒரு பெயர், தள்ளுகிறவருக்கு ஒரு பெயர், இரண்டும் கௌண்டர் பாஷையில். ஓரத்தில் உன் பெயருக்குக் கீழே என் பெயர் வந்து நின்றது. அதையும் மாற்றுவார்கள். மாற்றட்டும், என் கையால் நடக்காது.

ரப்பர் ஷீட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டேன். நாளைக்குப் படகில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அன்று படுக்கையில் நீ படித்த அந்தச் சீட்டும் அதே பையில்தான் இருக்கிறது. மை வெளுத்துக்கொண்டு வருகிறது, படிக்க முடிகிறது. யாராவது எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் அப்பாவின் ஊரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். என்ன வேலைக்கு வந்தாய் என்று கேட்டால் எனக்கு அந்தச் சீட்டில் இருப்பதுதான் பதில். நான் உன் கூட வந்தவள்.